திட்டு

கே.ஆர்.பி. அணைப் பூங்காவில்
ஞாயிறு நாலரை மணி.
காற்றெல்லாம் வறுத்த மீன்.
டைமண்ட் கம்பி வேலியில்
போனின் மூக்கை நுழைக்கப் பார்த்தேன்.
உறை இடித்தது, கழற்றினேன்.
கழற்றியும் போதவில்லை.

புள்ளிமான் ஒன்று
யாரோ வீசிய பாப்கார்ன் கவரை
நக்கிவிட்டு நிமிர்ந்தது.
பத்தொன்பது தடவை அழுத்தியதில்
ஒன்றில் மட்டும்
காது இரண்டும் அசையாமல்.

இரவு, கடையில்,
ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு நடுவே
அதைத் திறந்தேன்.
மாப்பிள்ளைகளுக்குப் பரு எடுக்கிற அதே பிரஷ்.
கம்பி கம்பியாக அழித்தேன்.
சிமெண்டுத் தொட்டியைப் புல்லாக்கினேன்.
வெயிலைக் கொஞ்சம் கூட்டினேன்.

கம்பி போனதும்
கழுத்தில் முடி உதிர்ந்த அந்தத் திட்டு
காரணமில்லாமல் நின்றது.
தினமும் ஒரே இடத்தில் உரசியிருக்கும்போல.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
வெறும் கட்டங்களாக உடையும்வரை.
அப்புறம் தொடையிலிருந்து
இரண்டு புள்ளிகளை எடுத்து
மூடிவிட்டேன்.

திம்மராயன் டீயோடு வந்து எட்டிப் பார்த்தான்.
"அட, எந்தக் காடு?"
அஞ்செட்டி என்றேன்.
"இவ்ளோ கிட்டக்க நிக்குது,
ஓடலையா?"

அதற்குள் காதுகுத்து வீட்டிலிருந்து போன்.
தாய்மாமன் பெயரில்
ஒரு கால் விட்டுப்போச்சாம்.