ஏழாம் பலகை

ராங்கியம் விலக்கில் இறங்கி
பன்னிரண்டாவது கடையைத் தேடி நடந்தேன்.
பதினொன்று ஏற்கெனவே கேமராவுக்குள்.
எல்லாம் பூட்டு, எல்லாம் துரு,
எல்லாவற்றிலும் அதே மாலை வெயில்.

மெய்யர் கடைக்குப் பூட்டில்லை.
தமிழ் எண் தீட்டிய ஒன்பது பலகைகளில்
௬-க்கும் ௮-க்கும் நடுவே
ஒரு சாண் அகல இருட்டு.
அதில்தான் லென்ஸை வைத்தேன்.

உள்ளே தராசின் ஒரு தட்டு மட்டும்,
அதில் குளவி கட்டிய மண்.
மிட்டாய் ஜாடியின் அடியில்
உருகி இறுகிப்போன ஏதோ ஒரு நிறம்.
சுவரில் 'இன்று ரொக்கம்' வரை தெரிகிறது,
மிச்சத்தைக் கரையான் வாங்கிக்கொண்டது.
எனக்குத் தொண்டை அடைத்தது, வழக்கம்போல.
நான் பிறந்து வளர்ந்தது அண்ணாநகர்.
இப்படி ஒரு கடையில்
ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை.

"எடையில நூறு கிராம் அடிப்பான்."
பின்னால் குரல்.
ஆட்டுக்குக் கிளை ஒடித்துக்கொண்டிருந்த அடைக்கி.
"மூணு மூட்டை புளி போட்டேன்.
காசு நாளைக்குன்னான்.
ராத்திரியே திருப்பூர் பஸ் ஏறிட்டான்."

ஏழாவது பலகை எங்கே என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல் நடந்தாள், பின்னால் போனேன்.
ஆட்டுக் கொட்டிலின் வாசலில்
குறுக்கே கட்டிய அடைப்பாய்,
தலைகீழாய், ௭.
மூத்திர ஈரத்திலும் மங்காத நீலம்.

கேமராவைத் தூக்கினேன்.
முந்தானையை விரித்து மறைத்தாள்.
"இதை எடுக்காதய்யா.
படத்தைப் பார்த்தான்னா
பலகையைக் கேட்டு வந்துருவான்."