மூன்றாம் கையெழுத்து

வங்கி என்னை அனுப்பிய ஊர்களில் எல்லாம்
ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது.
அதற்குள் ஒரு காட்டை நுழைத்துக்கொள்வேன்.
இப்படிச் சேர்ந்தவை, இருபத்தாறு ஆண்டில் பதினேழு.

ஜோர்ஹாட்டில் தேயிலைக்கடன் கோப்புகளை மூடிய மறுநாள்
காசிரங்கா.
காண்டாமிருகம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து
சாணம் போட்டுவிட்டுப் போகும் என்றார்கள்.
மேடு தட்டியிருந்தது.
அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

கான்ஹாவில் புலி இல்லை.
மூன்று முறை போயும் இல்லை.
கடமான் ஒன்று கத்த, ஜீப்பில் இருந்த ஏழு பேரும்
மூச்சை நிறுத்தினோம்.
புல் அசைந்தது. பிறகு அசையவில்லை.
ரந்தம்பூரில் பார்த்த இரண்டு புலிகளை மறந்துவிட்டேன்
(ஒன்று கொட்டாவி விட்டது).
இந்தப் புல் மட்டும் இன்னும் அசைகிறது.

பரத்பூரில் ரிக்‌ஷா மிதித்தவருக்கு
என்னைவிட நூறு பறவை அதிகம் தெரியும்.
சில்லறை மட்டும் எப்போதும் இருக்காது.

ஜெய்சல்மேர் மணலில் கானமயிலுக்காக இரண்டு நாள்.
தூரத்தில் ஒன்று நடந்தது,
அல்லது அது வேலிக்கம்பம்.
குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
கேள்விக்குறிகளை நான் சும்மா விடுபவள் இல்லை.

"எது மேடம் ரொம்பப் பிடிச்சது?"
ஒவ்வொரு கிளையிலும் கேட்பார்கள்.
பதிலை யோசிப்பதற்குள் டீ வந்துவிடும்.

இப்போது வேதாரண்யம், உப்பளக் கடன்கள்.
ஈட்டைக் காட்டச் சொன்னால்
கீற்றுப் போட்டு மூடிய வெள்ளைக் குவியல்களைக் காட்டுகிறார்கள்.
மழை வந்தால் கரையும் ஈடு.
காவிரி இங்கே வதந்தி மாதிரிதான் வருகிறது.
மேட்டூர் திறந்த செய்தி முதலில், தண்ணீர் பிறகு.
சில வருடம் செய்தி மட்டும்.

மாசி ஞாயிறு, காலை ஆறு மணி, கோடியக்கரை.
வாயிலில் வரிசை இல்லை.
வனக்காவலர் சித்திரவேலு
ரசீதுப் புத்தகத்தில் கார்பன் செருகி எழுதினார்:
கோமளவல்லி, வங்கி.
"நல்லதாப் போச்சு மேடம். இன்னைக்கு வெளிமான் எண்ணுறோம்.
சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது."

நடந்தோம், அவரும் நானும்
கல்லூரியிலிருந்து வந்த ஜெபராஜ் என்ற பையனும்.
புயல் சாய்த்த மரங்களின் மேல் சீமைக்கருவேல் ஏறியிருந்தது.
தாண்டினால் புல்வெளி.
கறுத்த இரலை ஒன்று
திருகுக் கொம்பு முதுகில் படத் தலையைத் தூக்கி
மந்தையைச் சுற்றி வந்தது, புதுக் கிளை மேலாளர் போல.
அப்பால் சேற்றில் பூநாரைகள்.
அவற்றை எண்ண வேண்டாமாம், அது வேறு தேதி, வேறு படிவம்.

சித்திரவேலு முப்பத்தெட்டு.
ஜெபராஜ் முப்பத்தெட்டு.
நான் முப்பத்தொன்பது.
"ரெண்டு பேரு சொல்றது ஒத்துப்போவுது, முப்பத்தெட்டே போட்டுரலாம்."
ஒரு ரூபாய் இடித்தால் இரவு பதினொன்றானாலும்
கிளையைப் பூட்டவிடாதவளிடம் சொல்கிறார்.

மறுபடி எண்ணினோம்.
வெயில் ஏறி, கானல் வந்து
மான்களை முழங்காலுக்குக் கீழே அழித்தது.
மூன்றாம் முறை பார்க்கும்போது ஒரு பெட்டை மட்டும்
மேயாமல், நகராமல்
குனிந்து புல்லை நக்கிக்கொண்டே இருந்தது.
புல்லுக்குக் காது இருந்தது.

"நேத்து ராத்திரி போட்ட குட்டி" என்றார்.
அடித்துத் திருத்தினார், முப்பத்தொன்பது.
முதல் முறை நான் எதைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னேன்,
அது தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை.
படிவத்தின் அடியில்
மூன்றாம் கையெழுத்து என்னுடையது.

திரும்பும் வழியில்
குட்டைக் காட்டுக்குதிரைகள் நான்கு சாலையை மறித்தன.
"இதுகளை எண்ணலையே?"
"குதிரைக்குப் படிவத்துல பத்தி இல்லை மேடம்."
ஒன்று என் கைப்பையை முகர்ந்தது.
உள்ளே குறிப்பேடு, பாதி பாக்கெட் பிஸ்கட்.

திங்கட்கிழமை கிளையில் கேட்டார்கள்.
டீ தாமதம்.
"புல்லுக்குக் காது இருந்தது" என்றேன்.
மேலாளர் தலையாட்டிவிட்டு
ஐப்பசி மழையில் கரைந்த உப்பின் கோப்பை
என் பக்கம் நகர்த்தினார்.