மீண்டும் பதிவு செய்க

அஞ்செட்டிப் பள்ளியில்
மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
சத்துணவுக் கூடத்தில்
கரண்டியைக் கீழே வைக்கச் சொன்னோம்.
"இரைச்சல் அதிகம், மீண்டும் பதிவு செய்க"
என்கிறது மடிக்கணினி.
கல் லாரி மேடேறி முனகிப் போகும்வரை
சட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான்
மாதேஷ், மூன்றாம் வகுப்பு.

பதினைந்து நொடி.
மற்றவர்களுக்கெல்லாம் லப், டப்.
இவனுக்கு நடுவில்
வால்டியூப் தளர்ந்த சைக்கிள்போல
ஓர் உஸ்.

திரையில் சிவப்பு.
என் காதுக்கு எட்டியிருக்காது,
பொய் சொல்லமாட்டேன்:
போன வருஷம் இதே நெஞ்சுக்கு
'நலம்' என்று எழுதியது
என் கைதான்.

"பாஸாக்கா?" என்கிறான்.

ஓசூர் தாண்டி எங்கோ பத்தாவது மாடியில்
செங்கல் சுமக்கிற அவன் அம்மாவை
அழைக்கிறேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே.

மீண்டும்.