கீல்

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தொன்று.
நான் கதவு செய்கிறேன்.
மரமில்லை, உளியில்லை,
கரிப்புகை படிந்த ஜன்னலோரம்
விசிறி இரையும் பழைய மடிக்கணினி.

ஒரு கதவு நாற்பது காசு.
காசென்றால் கடையில் செல்லும் காசில்லை,
அந்த உலகத்துக் காசு.
உள்ளே போகையில் ஒரு விலை,
வெளியே வருகையில் வேறு விலை.
நாற்பதில் இருபத்தெட்டு மேல்வாரம்.
நிலமென்று அங்கே ஒன்றும் கிடையாது,
ஆனாலும் நிலத்துக்காரன் உண்டு.
மிச்சம் பன்னிரண்டில்
செதுக்குக்கு ஏழு, அது எனக்கு.
கீலுக்கு ஐந்து, அது பத்தெல்கெருக்கு.
திறக்காத கதவை எவன் வாங்குவான் என்று
பேரம் பேசி வாங்கிய ஐந்து.

முப்பதாயிரம் சேரும்வரை
ஒற்றைக் காசையும் பணமாக்க முடியாது.
அந்த வரம்புக்கு அவர்கள் வைத்த பெயர் வாசற்படி.
எங்கள் கூடாரங்களில் வாசற்படியை
மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும்.
இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தில்
பதினேழு நாள் நின்றிருக்கிறேன்
ஒரு காலைத் தூக்கியபடி.

பத்தெல்கெர் இப்போது இஞ்சியோனில்,
கார்க் கண்ணாடி ஆலையில் இரவு ஷிப்ட்.
இங்கே கீல் இரும்பு, ஒயூன்,
எண்ணெய் விட்டால் போதும் என்று எழுதியிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்
நிலத்துக்காரன் புவியீர்ப்பைப் புதுப்பித்தான்.
அறிவிப்பு மூன்று வரி.
நான் விற்ற பன்னிரண்டாயிரம் கதவும்
ஒரே நொடியில் இறுகிக்கொண்டன.

ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி எழுதினாள்:
வாடிக்கையாளர்கள் சுவரில் முட்டுகிறார்கள்.
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில்
விருந்தாளிகள் உள்ளே, மாப்பிள்ளை வெளியே.
ஒரு பொடிசு
வரிக்கு நான்கு பிழையோடு திட்டியது.
எழுபத்திரண்டு மணி நேரக் கெடு.
அதற்குப் பிறகு பழுதானவை அகற்றப்படும்,
வாங்கியவருக்குக் காசு திரும்பும்,
என் கணக்கிலிருந்து.
நாற்பதும்.
அவன் தின்ற இருபத்தெட்டும் சேர்த்து.

கீலின் நிரல் எனக்குப் புரியாது.
நடுவில் அவனே எழுதி வைத்திருந்தான்:
ஒயூன், இந்த வரியைத் தொடாதே.
தேநீர் இடைவேளை பத்து நிமிடம்;
கண்ணாடி வெட்டும் கிறீச்சுக்கு மேல் கத்தினான்:
"தொடு. அந்த எண்ணைத் தலைகீழாக்கு.
இல்லையில்லை, கீழே இருக்கிறதே, அதை."
மறுநாள் இன்னொரு பத்து நிமிடம்.

அடுத்த ஆண்டு இந்த வேலையே இருக்காதாம்.
"நீலம், பழைய மங்கோலியக் கதவு" என்றால்
இயந்திரம் செய்து கொடுத்துவிடுமாம்.
என் கதவுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாம்.
குருதட்சிணை பற்றி
ஒப்பந்தத்தின் பதினாறாம் பிரிவு சொல்கிறது,
நான்கு பக்கம் சொல்லி ஒன்றும் சொல்லாமல்.

மூன்றாம் இரவு, கதவுகள் வரிசையாகத் திறக்கத் தொடங்கியபோது
உறங்காநரி என்ற பெயரிலிருந்து ஒரு கடிதம்.
எந்த நாடோ தெரியவில்லை.
"என் கதவை மட்டும் விட்டுவிடுங்கள்.
உள்ளே என் தோழி உட்கார்ந்திருக்கிறாள்.
கதவு திறந்தால் அறை புதிதாய் ஏறும்.
அவள் இருக்கமாட்டாள்.
இனி வரவும் மாட்டாள்."

பழுதோடு விட்டால் கெடு முடிந்ததும் அகற்றுவார்கள்.
சரிசெய்தால் திறந்துகொள்ளும்.
கெட்டில் கொதித்து அடங்கும்வரை
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அந்த ஒன்றை மட்டும்
பட்டியலில் வகை மாற்றினேன்:
கதவு அல்ல, சுவர்.
சுவரைப் பழுது என்று எவனும் அகற்ற முடியாது.
சுவரின் விலை மூன்று காசு.
மிச்சம் முப்பத்தேழை
என் கணக்கில் கழித்துக்கொண்டார்கள்.
வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தேன்.

கணக்குப் பார்த்த பத்தெல்கெர் கேட்டான்,
"ஒன்று குறைகிறதே, என் ஐந்து எங்கே?"
"சுவருக்குக் கீல் கிடையாது" என்றேன்.
ஏதோ சொல்ல வந்தான்.
ஆலைச் சங்கு ஊதியது.