ஆல்ட்டோக்களின் இரவு

மெட்டு எங்களுக்கு வாய்ப்பதில்லை.
அது இடப்பக்கம் நிற்கும் ஒன்பது சொப்ரானோக்களுக்கு.
ஸ்லோவேனியத் தாலாட்டில்
பதினோரு ஆவர்த்தனம் எங்களுக்கு ஒரே ஸ்வரம்,
மேலே பனி இறங்கிக்கொண்டிருக்க
கீழே சும்மா கிடக்கும் தரை மாதிரி.

“மூச்சைத் திருடுங்கள்” என்பாள் மார்லிஸ்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
மாலையில் அதே கையால் எங்களை வளைவுகளில் திருப்புகிறவள்.
“எல்லோரும் ஒரே நேரத்தில் திருடாதீர்கள்.
பக்கத்திலிருப்பவள் தாங்கும்போது நீ எடு.
யாருக்கும் கேட்கக் கூடாது.”
என் தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
வெர்னாவுக்குப் பிறகு நான்.

செப்டம்பரிலிருந்து செவ்வாய்தோறும்
லூத்தரன் சர்ச்சின் நிலவறை.
வாசலில் ஈரமான பூட்ஸ்கள் ஜோடி மாறிக் கிடக்கும்.
காபிக் கொதிகலன் தன் பங்குக்கு ஒரு சுருதி பிடிக்கும்,
எங்களுடையதற்கு அரை ஸ்வரம் கீழே;
நவம்பருக்குள் நாங்கள் அதனிடம் இறங்கிவிடுவோம்.

இந்த வருட நிரலில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று.
பின்லாந்துக்காரர்களுக்கு இருட்டைப் பற்றி ஒன்று, நீளமானது.
லத்தீனில் ஒன்று:
பொருள் யாருக்கும் தெரியாததால் சண்டையில்லை.
ஹனுக்கா விளக்குகளுக்கு ஒன்று.
பல் மருத்துவர் அப்ராம்ஸன், பாஸ் குரல்,
எங்கள் உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி
கடைசியில், “போதும், கடவுள் இதைவிட மோசமானதைக் கேட்டிருக்கிறார்” என்று
உட்கார்ந்துவிட்டார்.
கியூபாவிலிருந்தும் ஒன்று.
இடுப்பு அசைய வேண்டும் என்றாள் மார்லிஸ்.
முப்பது பேரில்
ஐனோ சாரியின் மூக்குக்கண்ணாடி மட்டும் அசைந்தது.

டிசம்பர் பதினான்கு. சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று.
பக்கத்து ஊரிலிருந்து ஒரே வேனில் கிளம்பிய
ஏழு சொப்ரானோக்கள்
நெடுஞ்சாலையில், கவிழ்ந்த மரலாரிக்குப் பின்னால்.
மீதி இருவரில் ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருந்தது.
மற்றவளுக்குப் பதினாறு வயது,
தனியாகப் பாடு என்றால் அழுதுவிடும் முகம்.

இருட்டுப் பாட்டைச் சமாளித்தோம்.
லத்தீனை ஆண்கள் தூக்கிக்கொண்டார்கள்.
கியூபாவை மரக்காஸ் காப்பாற்றியது.
பிறகு தாலாட்டு.
மார்லிஸ் இடப்பக்கக் காலியிடத்தைப் பார்த்தாள்.
விட்டுவிடலாமா, என்று உதட்டால் கேட்டாள்.
“அச்சடித்தாயிற்றே” என்றாள் வெர்னா, சத்தமாகவே.
அச்சுக்கூலி அவள் கொடுத்தது.

பாடினோம்,
மெட்டில்லாத தாலாட்டை.
பூவேலை செய்த துணியைப் புரட்டிப் போட்டதுபோல்
முடிச்சும், இங்கிருந்து அங்கே தாவும் நூலும்,
பூ இருக்க வேண்டிய இடத்தில் சும்மா அதன் உருவம்.
ஆறாவது ஆவர்த்தனத்தில் வெர்னா எடுத்தாள், நான் தாங்கினேன்.
நான் எடுத்தேன், கேரோல்டீன் தாங்கினாள்.
இத்தனை வருடம் ஒளித்த திருட்டு
அன்றைக்குச் சபை முழுக்கக் கேட்டது.
மூன்றாம் வரிசையில் ஃபிராங்க் பெருஷெக்,
இரும்புச் சுரங்கத்தில் ஒரு காதை விட்டு வந்தவர்,
வாயைத் திறந்தார், மூடினார்.
பாடினாரா, கொட்டாவியா,
அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை.
முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.
முடிந்தது என்று தெரியாமலும் இருக்கலாம்.

ஒன்பதரைக்கு வேன் வந்தது.
புருவத்தில் பனியோடு ஏழு பேர்,
“எங்கள் தாலாட்டை என்ன செய்தீர்கள்?”
“பாடிவிட்டோம்.”
“யார் பாடினது?”
ஏலக்காய் ரொட்டித் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினாள் வெர்னா.
என் வாயில் அந்த ஒற்றை ஸ்வரம் இன்னும் இருந்தது,
பாதி கரைந்த இருமல் மிட்டாயாக.
பேசினால் விழுங்கிவிடுவேனோ என்று பேசவில்லை.

காரை எடுத்து, ரயில்பாதை தாண்டி,
பிரேக்கை மிதிக்கும்போதுதான் கவனித்தேன்:
வலது காலில் வேறு யாருடையதோ பூட்ஸ்.
உள்ளே இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.
அளவு சரியாகத்தான் இருந்தது.