அரைத் தொட்டி

முகத்துவாரத்துக்கு நேரே
ஆறு மைல் வெளியே நிற்கிறோம்.
நிற்கிறோம் என்பது கொஞ்சம் மிகை.

இழுத்துவந்த கப்பல்கள் கயிற்றை விட்டதும்
எட்டு நங்கூரம் போட்டோம், எட்டுத் திக்கிலும்.
ஒவ்வொரு சங்கிலியும் தன் பக்கம் இழுக்கிறது.
ஒன்றும் விட்டுக்கொடுக்காததால்
நடுவில் எங்களுக்கு ஓரிடம் கிடைத்திருக்கிறது.

நாலாம் நாள் சோளகம் ஏறியது.
எனக்கு வந்த உத்தரவு ஒரே வரி:
ஏழு மீற்றர் இறக்கு.
வால்வுகளைத் திறந்தேன்.
கீழே, வெளிச்சம் எட்டாத இரண்டு மிதவைகளும்
கடலைக் குடிக்கத் தொடங்கின.
இருபதாயிரம் தொன் இரும்பு
லிஃப்ட் போல இறங்கியது, மணிக்கணக்காக.
மிதவை ஆழத்துக்குப் போய்விட்டால்
நீர்மட்டத்தில் நிற்பவை நாலு தூண்கள்தான்.
நடுவால் போகிற அலைக்குப்
பிடித்து உலுக்க அதிகம் ஒன்றுமில்லை.

பதினொன்றுக்கு மெர்சிலீன் கோல் எடுத்தாள்.
புளுமெண்டால் வீதி, மூன்றாம் மாடி,
பல்கனி லைற்றை அணைத்து அணைத்துப் போடுகிறாளாம்.
"தெரியுதா?"
கொட்டாஞ்சேனை முழுவதும்
மழைக்குள் ஒரு மஞ்சள் கறை.
தெரியுது என்றேன்.
"இந்தமுறை நீங்கள் வந்ததும் ஒரு விசயம்..."
அதோடு சிக்னல் போனது.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள், குணத்தைப் பற்றி.
என் மேசையில் அது வெறும் கணக்கு.
நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு ஓட இடமில்லை.
காலித் தொட்டியில் ஓடத் தண்ணீரே இல்லை.
பாதித் தொட்டிதான்.
தளம் ஒரு பாகை சரிந்தால்
உள்ளிருக்கும் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி
இன்னும் சரி, இன்னும் சரி என்கும்.

இரண்டு பத்துக்கு
வடமேற்கு மூலை வால்வு இறுகிக்கொண்டது,
தொட்டி பாதியில் இருக்க.
மற்ற மூன்றும் குடித்துக்கொண்டே இருந்தன.
திரையில் ஒன்று தசம் எட்டுப் பாகை.
கன்ரீனில் கொறைராவின் பிளேன்ரீ
கோப்பையின் ஒரு பக்கம் ஏறி நின்றதாம்,
அவன் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.
இறுகிய மூலைக்கு என்னால் செய்ய ஏதுமில்லை.
மூன்றையும் மூடினேன்.
எதிர் மூலையில் இறைத்தேன்,
கொஞ்சம் இறைத்து, பொறுத்து,
ஊசி திரும்புகிறதா என்று பார்த்து,
மறுபடி கொஞ்சம்.
அவசரப்பட்டால் மற்றப் பக்கம் விழும்.

மூன்றரைக்குத் தளம் நேரானது.
இப்போது அரைத் தொட்டி இரண்டு,
எதிரும் புதிருமாக.
கொறைரா புதுக் கோப்பை ஒன்று கொண்டுவந்து வைத்தான்.
சீனி போட மறந்திருந்தான், சொல்லவில்லை.

என்ன விசயம்?
அவளுடைய தம்பிக்குக் கொடுத்த காசா,
வீட்டு வாடகையா,
டொக்டரிடம் போனாளா?
தளம் அசையும்போதெல்லாம்
ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடியது.

வால்வை விடியத்தான் திறந்தார்கள்.