ஆறு இலக்கம்

முதல் ஆர்டர் வந்த அன்று
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஸ்டெரின் பைக்கை ஓரம்கட்டி
ரெண்டு முந்திரிச் சாறு வாங்கினான்.
பெயரைப் பார்த்தோம். அவன் மச்சினி.
ஆனாலும் குடித்தோம்.

அதற்கு முன் நாற்பது நாள்
தேனீக்குச் சிறகு நாலா ரெண்டா என்று
லோகோ வரைகிறவனோடு சண்டை.
அந்த நாற்பது நாளும்
ஒருவர் நாக்கிலும் தேனைத் தொட்டு வைக்கவில்லை.
பீப்பாயில் அது பாட்டுக்கு இருந்தது.

இணையத்தில் பெயர் பதியப் போனால்
ஆங்கிலத்தில் தேன் எழுத ஆளுக்கொரு வழி.
எச் வைக்கலாம், விடலாம்.
ஈ ஒன்றா, ரெண்டா?
மலிவாய்க் கிடைத்ததில் ஈ ரெண்டு.
வாங்க வந்தவர்கள் ஒற்றை ஈயோடு தேடி
யாரோ ஒருவர் கடையில் போய் இறங்கினார்கள்.

'டெலிவரி இலவசம்' என்று எழுதியது நான்.
எழுதும்போது என் மனதில் இருந்த இந்தியா
களியக்காவிளையில் தொடங்கி
வள்ளியூரில் முடிந்தது.
குவாஹாத்திக்குப் போன அரைக் கிலோ
முந்நூறு ரூபாய்த் தேன்,
இருநூற்றுப் பத்து ரூபாய் வழிச்செலவு.
கண்ணாடிக் குப்பி ஆறு உடைந்து
கூரியர் ஆபீஸ் எறும்புகளுக்கு மட்டும்
அந்த மாதம் முழுக்கத் திருவிழா.

கையில் கிடைத்தபின் பணம் தந்தால் போதும் என்றோம்.
லூதியானாவில் கதவு திறக்கவில்லை.
பதினேழாம் நாள் குப்பி திரும்பி வந்தது.
நான் திருச்சி தாண்டியதில்லை,
அது பஞ்சாப் பார்த்திருக்கிறது.
மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

ஜனவரியில் டெல்லியிலிருந்து ஒரு படம்:
முக்கால் குப்பி வெள்ளையாய் உறைந்து.
கீழே ஒரே வரி,
சர்க்கரைப் பாகு விற்கிறார்கள்.
ஒற்றை நட்சத்திரம்.
பின்னாலேயே பதினோரு பேர்.

ரப்பர்த் தேன் குளிரில் கட்டும்.
அருமனையில் பால் வெட்டப் போகிறவனுக்குத் தெரியும்,
குலசேகரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்,
எனக்குப் பல் முளைக்கும் முன்பே தெரியும்.
அதனால்தான் எழுதவில்லை.
எல்லாருக்கும் தெரிந்ததை
யாராவது லேபிளில் அச்சடிப்பார்களா?

இப்போது அச்சடிக்கிறேன், மூன்று மொழியில்.
இளஞ்சூட்டு நீரில் வையுங்கள், இளகும்.
தேனீயைவிடப் பெரிய எழுத்தில்.

கணக்குப் பார்த்த இரவு
யார் எவ்வளவு போட்டோம் என்பதற்கு
பழைய டைரியின் பின்பக்கம்தான் சாட்சி,
அதிலும் பாதி மழையில் ஊறியது.
அவன் பங்கைக் கேட்டான்.
இருந்தால்தானே.
என் வளையல் போன கதையை நான் எடுக்க,
அவன் பைக் போன கதையை அவன் எடுக்க,
ஈஸ்டர் கழிந்து ஷார்ஜா போனான்.

கடையின் பூட்டெல்லாம் அவன் நம்பரில்.
மாற்ற வேண்டுமென்றால்
அவன் முகம், அவன் ஆதார், அவன் கையெழுத்து.
அதனால் வாரத்தில் ஒருநாள்
பணம் எடுக்கையில் கூப்பிடுகிறேன்.
ஆறு இலக்கம் சொல்வான்.
தட்டுவேன்.
வைத்துவிடுவோம்.
ஏழாவதாய் ஒரு சொல் கிடையாது.

நேற்று நாலாவது எண்ணில் நின்றான்.
அவன் பக்கம் ஏசியின் இரைச்சல்.
என் திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன,
பதினான்கு, பதின்மூன்று.
"அங்க மழை உண்டா?"

ஷீட்டுக் கூரையில் விழுகிற சத்தம்
அவனுக்கும் கேட்டிருக்கும்.
"உண்டு" என்றேன்.

நேரம் கடந்துவிட்டது.
மறுபடி அனுப்பு என்பதைத் தொட்டேன்.